ஆண்களிடையே டெஸ்டோஸ்டிரோன் குறைவு: காரணங்களும் தடுப்புமுறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆண்களின் குருதியில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் அளவு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருவதாக இருபது ஆண்டுகளாக அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் சில தெரிவிக்கின்றன. இச்செய்தி பொதுமக்களிடையே அச்சத்தையும், மருந்து விற்பனையாளர்களிடையே புதிய சந்தையையும் உருவாக்கியுள்ளது. டெஸ்டோஸ்டிரோன் உடலில் சுரந்து இயங்கும் முறை, அது குறைவதற்கான காரணங்கள், அவற்றுள் தடுக்கத்தக்கவை எவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ‘ஆண்மைக் குறைவு’ என்னும் தமிழ்ச் சொல்லாட்சி வெவ்வேறு மூன்று நிலைகளை ஒன்றாகக் குழப்புவதையும், அக்குழப்பம் தவறான மருத்துவத்திற்கு வழிவகுப்பதையும் இது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: டெஸ்டோஸ்டிரோன், இயக்குநீர், ஆண்மைக் குறைவு, உடற்பருமன், உறக்கம், விந்தணு உற்பத்தி

முன்னுரை

மனித உடலின் வளர்ச்சி, இனப்பெருக்கம், ஆற்றல் பயன்பாடு ஆகியவற்றை நெறிப்படுத்தும் வேதிப்பொருள்களை இயக்குநீர்கள் என்கிறோம். ஆண்களின் உடலில் பருவமாற்றத்தைத் தோற்றுவித்து, வாழ்நாள் முழுவதும் பாலியல் விருப்பம், விந்தணு உற்பத்தி, தசைத்திறன், எலும்புறுதி, சிவப்பணு உற்பத்தி ஆகியவற்றைப் பேணும் முதன்மை இயக்குநீர் டெஸ்டோஸ்டிரோன் ஆகும்.

இவ்வியக்குநீரைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு, அறிவியலும் ஆசையும் ஒன்றோடொன்று கலந்த வரலாறாகும். 1849இல் செருமனியின் கேட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்பார் சேவல்களின் விரைகளை நீக்கினார். அவற்றின் கொண்டை சுருங்கியது. கூவலும் சண்டையிடும் இயல்பும் மறைந்தன. விரையை மீண்டும் வயிற்றுக்குள் பொருத்தியபோது அவ்வியல்புகள் திரும்பின. நரம்புத் தொடர்பு இல்லாத நிலையிலும் இம்மாற்றம் நிகழ்ந்ததால், விரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் குருதியில் கலக்கிறது என்பது புலனாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1889இல், பிரெஞ்சு உடலியலாளர் பிரவுன் செக்கார் தம் 72ஆம் வயதில் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்திக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். நீரில் கரைந்த அச்சாற்றில் பயன்தரும் அளவுக்கு இயக்குநீர் இருந்திருக்க இயலாது. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அச்செய்தி உலகெங்கும் பரவி, பல்லாயிரவர் அவ்வூசியை நாடினர். 1935இல் ஆம்சுடர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தூய படிகமாகப் பிரித்தனர். அதே ஆண்டில் அடால்ஃப் பூட்டனண்ட், லியோபோல்டு ருசிக்கா ஆகியோர் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். 1939ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பெற்றது.

பிரவுன் செக்கார் காலத்து ஆசை இன்றும் மறையவில்லை. மாத்திரை, களிம்பு, ஊசி, மூலிகைப் பொடி என வடிவங்கள் மட்டுமே மாறியுள்ளன. எனவே உண்மையில் குறைவது எது, அது எதனால் குறைகிறது, எந்நிலையில் மருத்துவம் தேவை என்பனவற்றைப் பகுத்தறிவது இன்றியமையாததாகிறது.

சொல்லும் பொருளும்: ‘ஆண்மைக் குறைவு’

தமிழில் ‘ஆண்மை’ என்னும் சொல் பாலைக் குறிப்பதோடு ஆளும் தன்மையையும் குறிக்கும். வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை முதலிய சொற்களில் இப்பொருள் விளங்கி நிற்கிறது. பிறன் மனைவியை விரும்பி நோக்காத மனவுறுதியைப் ‘பேராண்மை’ எனத் திருக்குறள் போற்றுவது இங்கு எண்ணத்தக்கது. இத்தகைய விரிந்த பொருளுடைய சொல், இன்றைய விளம்பர மொழியில் உடலியல் குறைபாடு ஒன்றின் பெயராகச் சுருங்கிவிட்டது.

இச்சுருக்கத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வழக்கில் ‘ஆண்மைக் குறைவு’ என்னும் ஒரே தொடர் மூன்று வேறுபட்ட நிலைகளைக் குறிக்கிறது. முதலாவது, குருதியில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருத்தல். இரண்டாவது, ஆணுறுப்பு விறைப்பின்மை. மூன்றாவது, விந்தணுக் குறைபாட்டால் மகப்பேறு வாய்க்காமை. இம்மூன்றும் சிலரிடம் சேர்ந்து காணப்படலாம். எனினும் ஒன்று மற்றொன்றன்று. விறைப்பின்மைக்குப் பெரும்பாலும் குருதிக்குழாய் நோய், நீரிழிவு, மனநெருக்கடி ஆகியவை காரணமாகின்றன. மகப்பேறின்மைக்கு மருத்துவம் நாடும் ஆண்களுள் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு இயல்பாகவே இருக்கும். ஒரு நிலைக்குரிய மருந்தை மற்றொன்றுக்குத் தருவது பயனின்மையோடு நில்லாமல் தீங்காகவும் முடியலாம் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி விளக்கும்.

சுரக்கும் முறை

ஆணின் டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 95 விழுக்காடு விரைகளிலுள்ள லேடிக் செல்களில் உருவாகிறது. கொழுப்புப் பொருளாகிய கொலஸ்டிராலே இதன் மூலப்பொருள். நாளொன்றுக்குச் சுரக்கும் அளவு சில மில்லிகிராம் மட்டுமே. இச்சுரப்பை மூளை கட்டுப்படுத்துகிறது. ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி விட்டுவிட்டு அனுப்பும் குறிப்பை ஏற்று, பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு இயக்குநீர்களை வெளியிடுகிறது. அவற்றுள் லூட்டினைசிங் இயக்குநீர் லேடிக் செல்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. ஃபாலிக்கிள் தூண்டு இயக்குநீர், விந்தணுக்களைப் பேணி வளர்க்கும் செர்டோலி செல்களைத் தூண்டுகிறது. குருதியில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு நிரம்பியதும் அச்செய்தி மூளைக்குச் சென்று தூண்டுதலைக் குறைக்கிறது. ஏரி நிரம்பியதும் மதகுக்காரர் வரத்துக்காலை அடைப்பதை ஒத்தது இம்முறை.

குருதியிலுள்ள டெஸ்டோஸ்டிரோன் முழுவதும் உடனடியாகச் செயற்படுவதில்லை. ஒரு பகுதி, பாலியல் இயக்குநீர்ப் பிணைப்புப் புரதம் எனப்படும் புரதத்துடன் இறுகப் பிணைந்துள்ளது. மற்றொரு பகுதி அல்புமின் என்னும் புரதத்துடன் தளர்வாகப் பிணைந்துள்ளது. ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே கட்டின்றி உலவுகிறது. செல்களுக்குள் எளிதிற் புகுவது இக்கட்டற்ற பகுதியே. எனவே மொத்த அளவு குறைந்திருப்பதாலேயே உடலுக்குக் கிடைக்கும் அளவும் குறைந்துவிட்டதாக முடிவு செய்ய இயலாது. பிணைப்புப் புரதம் குறைந்தால் மொத்த அளவும் குறைந்து காட்டும். கட்டற்ற பகுதி இயல்பாகவே இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி, அரோமடேஸ் என்னும் நொதியால் எஸ்ட்ரடையால் என்னும் பெண்பால் இயக்குநீராக மாறுகிறது. ஆணின் எலும்புறுதிக்கு இதுவும் வேண்டும். இந்நொதி கொழுப்புத் திசுவில் மிகுந்திருப்பதால் உடற்பருமனுக்கும் இயக்குநீர்ச் சமநிலைக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைகிறது.

குறைகிறதா? ஆய்வுகள் காட்டுவன

வயது ஏற ஏற டெஸ்டோஸ்டிரோன் குறைவது பரவலாக அறியப்பட்ட செய்தி. நடுவயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு என்னும் அளவில் இது மெல்லக் குறைகிறது. பெண்களின் மாதவிடாய் நிறுத்தம்போல் குறுகிய காலத்தில் நிகழும் மாற்றம் ஆண்களுக்கு இல்லை. வயதோடு பிணைப்புப் புரதம் கூடுவதால் கட்டற்ற பகுதி சற்று விரைவாகக் குறைகிறது.

இதனினும் வேறுபட்டது தலைமுறைக் குறைவு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நடைபெற்ற மாசசூசெட்ஸ் ஆண் முதுமை ஆய்வு 1987 முதல் 2004 வரை மூன்று கட்டங்களில் ஆண்களின் குருதியை அளந்தது. ஒரே வயதுடைய ஆண்களை வெவ்வேறு ஆண்டுகளில் ஒப்பிட்டபோது, பிந்தைய ஆண்டில் அளக்கப்பட்டவர்க்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 விழுக்காடு என்று 2007இல் வெளியான ஆய்வுரை கூறியது. பருமன், புகைபிடித்தல், மருந்துப் பயன்பாடு ஆகியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு பெரிதும் மறையவில்லை.

அதே 2007இல் வெளியான டென்மார்க் ஆய்வு 5350 ஆண்களின் குருதி மாதிரிகளை ஆராய்ந்து, பிற்காலத்தில் பிறந்தோரிடம் அளவு குறைந்திருப்பதைக் கண்டது. ஆனால் அவர்களின் உடற்பருமன் மிகுந்ததைக் கணக்கிற்கொண்டபோது டெஸ்டோஸ்டிரோன் வேறுபாடு புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆக, ஒரு நாட்டில் பருமன் காரணத்தின் ஒரு கூறாகவும், மற்றொரு நாட்டில் பெரும்பகுதியாகவும் தோன்றுகிறது.

இம்முடிவுகளை ஏற்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, அளவிடும் முறை மாறியுள்ளது. முற்காலத்தில் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி அளந்தனர். இன்று நிறைமாலை அளவியல் துல்லியமான முறையாகக் கொள்ளப்படுகிறது. இரு முறைகளில் பெற்ற எண்களை நேராக ஒப்பிடுவது பிழைக்கு இடமளிக்கும். இரண்டாவது, புகைபிடிப்போரிடம் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சற்று மிகுந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே சமுதாயத்தில் புகைப்பழக்கம் குறையும்போது சராசரி அளவும் சிறிது குறையலாம். இது நோயன்று, நலத்தின் உடன்விளைவு. குருதிக்குழாய்களைக் கெடுத்து விறைப்பின்மைக்கு வழிவகுக்கும் புகைப்பழக்கத்திற்கு இதனைச் சான்றாகக் காட்டவும் கூடாது.

அளவு குறைதலும் நோயுறுதலும் ஒன்றல்ல என்பதற்கு இருவேறு சான்றுகள் உள்ளன. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களை நான்கரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மணம்புரிந்து தந்தையானோர்க்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்ததைக் கண்டது. குழந்தையைப் பேணுவதில் நாள்தோறும் மிகுந்த நேரம் செலவிட்ட தந்தையரிடம் அளவு மேலும் குறைந்திருந்தது. பொலிவியாவின் சிமானே பழங்குடி ஆண்கள் உழைப்பு மிக்க வாழ்வுடையோர். அவர்களின் சராசரி அளவு அமெரிக்க ஆண்களினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆயினும் அவர்களிடம் முதுமையோடு பெரிய சரிவு காணப்படவில்லை. உடல் சூழலுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் என்பதையே இவை உணர்த்துகின்றன.

ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான 3369 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஐரோப்பிய ஆண் முதுமை ஆய்வு, குருதியளவோடு மூன்று பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே குறைபாடு என வரையறுத்தது. அவ்வாறு கணக்கிட்டபோது 2.1 விழுக்காட்டினரே அதற்குட்பட்டனர். 40 வயதினரிடையே இது ஆயிரத்தில் ஒருவர் என்னும் அளவிலும், 70 வயதைக் கடந்தோரிடையே ஏறத்தாழ 5 விழுக்காடு என்னும் அளவிலும் இருந்தது. சோர்வுற்ற நடுவயதினர் அனைவரையும் குறைபாடுடையோராகக் காட்டும் விளம்பரங்களுக்கும் இவ்வெண்களுக்கும் உள்ள இடைவெளி சிந்திக்கத்தக்கது.

காரணங்கள்

டெஸ்டோஸ்டிரோன் குறைவின் காரணங்களை மருத்துவ நூல்கள் இரண்டாகப் பகுக்கும். விரையே பழுதுறுவது முதல்வகை. மூளையிலிருந்து வரும் தூண்டுதல் குன்றுவது இரண்டாம்வகை. முதல்வகையில் பிட்யூட்டரி மேன்மேலும் தூண்ட முயல்வதால் லூட்டினைசிங் இயக்குநீர் உயர்ந்திருக்கும். இரண்டாம்வகையில் அது குறைந்தோ இயல்பான அளவிலோ இருக்கும். எனவே ஒரு குருதிச் சோதனையின் வழி பழுதின் இடத்தை அறிய முடிகிறது.

விரைப் பழுதிற்கான காரணங்களுள் பிறவியில் வருவன சில. ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 600 பேரில் ஒருவர்க்குக் காணப்படும் கிளைன்ஃபெல்டர் நிலையில் மிகையான எக்ஸ் குரோமோசோம் ஒன்று இருக்கும். பிறந்தபின் விரை பைக்குள் இறங்காமல் தங்கிவிடுவது மற்றொன்று. பொன்னுக்கு வீங்கி எனத் தமிழகத்தில் வழங்கும் நோய், பருவமடைந்த ஆண்களைத் தாக்கினால் அவர்களுள் 15 முதல் 30 விழுக்காட்டினர்க்கு விரையழற்சியை உண்டாக்குகிறது. புற்றுநோய்க்கான வேதிமருத்துவம், கதிர்வீச்சு, விபத்து ஆகியவையும் இவ்வகையில் அடங்கும்.

தூண்டுதல் குன்றுவதற்கான காரணங்களுள் பிட்யூட்டரிக் கட்டிகள், மிகுதியான புரோலாக்டின், இரும்புச்சத்து உடலில் அளவிறந்து தேங்கும் நோய் ஆகியவை அரியன. இன்று பரவலாகக் காணப்படுவன பருமன், நீரிழிவு, உறக்கக் குறைவு, மருந்துகள் ஆகியவையே. அவை தனித்து நோக்கத்தக்கன.

பருமனும் நீரிழிவும்: பருமன் மூன்று வழிகளில் இயக்குநீரைக் குறைக்கிறது. இன்சுலின் எதிர்ப்பு நிலை கல்லீரலில் பிணைப்புப் புரத உற்பத்தியைக் குறைப்பதால் மொத்த அளவு வீழ்கிறது. கொழுப்புத் திசுவின் அரோமடேஸ் டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. கொழுப்புத் திசு தோற்றுவிக்கும் அழற்சிப் பொருள்கள் மூளையின் தூண்டுதலை மட்டுப்படுத்துகின்றன. குறைந்த டெஸ்டோஸ்டிரோன் தசையைக் குறைத்து வயிற்றுக் கொழுப்பை மிகுவிப்பதால் இது ஒரு நச்சுச் சுழலாகிறது. தமிழ்நாட்டிற்கு இச்செய்தி மிக நெருக்கமானது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆண்களுள் மிகை எடையோ பருமனோ உடையோர் 2015-16இல் 28.2 விழுக்காடு, 2019-21இல் 37 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாட்டில் நீரிழிவுடையோரை 14.4 விழுக்காடு எனக் கணித்துள்ளது. இது நாட்டின் சராசரியாகிய 11.4 விழுக்காட்டினும் மிகுதி.

உறக்கக் குறைவு: டெஸ்டோஸ்டிரோன் உறக்கத்தின்போது உயர்ந்து விடியலில் உச்சத்தை அடைகிறது. 2011இல் வெளியான சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வில், நலமிக்க இளைஞர் பதின்மர் ஒரு வாரம் நாளொன்றுக்கு 5 மணிநேரமே உறங்க அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் பகற்பொழுது டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. பங்கேற்றோர் சிலரேயாயினும், இரவுப்பணியும் கைப்பேசித் திரையும் உறக்கத்தைப் பறிக்கும் காலத்தில் இம்முடிவு கருதத்தக்கது. பருமனுடையோரிடம் மிகுதியாகக் காணப்படும் உறக்க மூச்சுத்தடையும் இத்தகைய குறைவோடு தொடர்புடையது.

மருந்துகளும் மதுவும்: ஓபியம் சார்ந்த வலிநீக்கிகளும், நெடுங்காலம் உட்கொள்ளும் கார்ட்டிசோன் வகை மருந்துகளும் மூளையின் தூண்டுதலை அடக்குகின்றன. தொடர்ந்த மிகுமது லேடிக் செல்களை நேரே தாக்குவதோடு, கல்லீரலைச் சிதைத்து இயக்குநீர்ச் சமநிலையையும் குலைக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ப்பிற்காகப் பயன்படுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசிகள், உடல் தானாகச் சுரப்பதை முற்றிலும் நிறுத்திவிடும் வல்லமையுடையவை.

சூழல் வேதிப்பொருள்கள்: நெகிழியை மென்மையாக்கப் பயன்படும் தாலேட்டு வகைப் பொருள்கள் விலங்குகளில் டெஸ்டோஸ்டிரோன் உருவாக்கத்தைத் தடுப்பது சோதனைகளில் நிறுவப்பட்டுள்ளது. மனிதர்களிடம் இதுவரை கிடைத்தவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. காரணத்தை உறுதிப்படுத்துவன அல்ல. எனவே இதனை எச்சரிக்கைக்குரியதாகக் கொள்வதே ஏற்புடையது.

கண்டறிதல்

குறைபாட்டைக் கண்டறிவதற்கு அறிகுறியும் அளவும் சேர்ந்திருத்தல் வேண்டும். பாலியல் விருப்பம் குன்றல், விடியற்கால விறைப்பு மறைதல், உடல்மயிர் உதிர்தல், மார்பகப் பருத்தல், காரணமறியாக் குருதிச்சோகை, எலும்பு நலிவு ஆகியவை சிறப்பு அறிகுறிகள். சோர்வு, மனத்தளர்ச்சி, கவனக்குறைவு ஆகியவை வேறு பல காரணங்களாலும் வருவன.

குருதியை விடியலுக்குப்பின், ஏறத்தாழ 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சர்க்கரைநீர் அருந்திய பின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தற்காலிகமாகக் குறைவது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. மாலையில் எடுத்த குருதியும், காய்ச்சல் முதலிய நோயின்போது எடுத்த குருதியும் தவறான முடிவைத் தரும். ஒருமுறை குறைந்திருந்தால் வேறொரு நாளில் மீண்டும் சோதிக்க வேண்டும். பருமனற்ற இளைஞரிடம் இயல்பளவு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை எனக் கணிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 300 நானோகிராமுக்குக் கீழ் என்பதை எல்லையாகக் கொள்கிறது. இயல்பளவு இத்துணை விரிந்திருப்பதால், 400 அளவுடையவரை 800 அளவுடையவரினும் ‘பாதி ஆண்’ எனக் கருதுவது அறியாமையாகும்.

தடுப்புமுறைகள்

எடை குறைத்தல்: மீளத்தக்க காரணங்களுள் தலையாயது பருமனே. பல ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வொன்று, உணவுக்கட்டுப்பாட்டால் எடை குறைத்தோர்க்குச் சராசரியாக டெசிலிட்டருக்கு 80 நானோகிராம் அளவிலும், இரைப்பை அறுவையால் பேரளவில் எடை குறைத்தோர்க்கு 250 நானோகிராம் அளவிலும் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்ததைக் காட்டியது. எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இயக்குநீர் உயர்கிறது. தீட்டிய அரிசியும் இனிப்பும் மிகுந்த உணவில் அளவைக் குறைத்து, பயறு, காய்கறி, மீன், முட்டை ஆகியவற்றைக் கூட்டுவது இங்கு நடைமுறைக்கேற்றது. சோயா உணவு டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் என்னும் பரவலான அச்சத்தை, ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வுகள் ஏற்கவில்லை.

உடற்பயிற்சி: எடைதூக்கும் பயிற்சியின் உடனடி விளைவாக எழும் உயர்வு சிறிது நேரமே நிலைக்கும். பயிற்சியின் நிலையான பயன், கொழுப்பைக் குறைத்துத் தசையைப் பெருக்கி இன்சுலின் எதிர்ப்பை நீக்குவதில் உள்ளது. மாறாக, போதிய உணவின்றி அளவிறந்து ஓடுவோர்க்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் உண்டு.

உறக்கம்: வளர்ந்தோர்க்கு 7 மணிநேர உறக்கம் குறைந்தபட்சத் தேவை. உரத்த குறட்டையும் பகற்சோர்வும் உடையோர் உறக்க மூச்சுத்தடைக்கான சோதனை செய்துகொள்ளல் நலம்.

குழந்தைப்பருவக் காப்பு: விரை இறங்காத குழந்தைக்கு 6 முதல் 18 மாதங்களுக்குள் அறுவை செய்வதே ஏற்ற காலம் என வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ‘வளர்ந்தால் தானே இறங்கும்’ எனப் பள்ளிப்பருவம் வரை காத்திருப்பது இழப்பிற்கே வழியாகும். இந்தியத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி சேர்க்கப்படவில்லை. மூன்றையும் தடுக்கும் ஊசியைக் குழந்தை மருத்துவரிடம் பெற்றோர் கேட்டுப் பெறலாம்.

சத்துகளும் மூலிகைகளும்: பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 1950களின் இறுதியிலும் 1960களிலும் ஈரானிலும் எகிப்திலும் ஆராய்ந்து, துத்தநாகக் குறைவு வளர்ச்சித் தடையையும் பருவமடையாமையையும் உண்டாக்குவதை வெளிப்படுத்தினார். குறைவுடையோர்க்குத் துத்தநாகம் பயன்தரும். போதிய அளவுடையோர் மேலும் உட்கொள்வதால் இயக்குநீர் உயரும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தும் என விற்கப்படினும், நலமிக்க இளைஞரிடம் நடத்திய கட்டுப்பாட்டு ஆய்வில் அவ்வுயர்வு காணப்படவில்லை. அமுக்கராக் கிழங்கு சிறிதளவு உயர்வைத் தந்ததாகச் சில ஆய்வுகள் கூறினும், அவை குறைந்த எண்ணிக்கையினரிடம் குறுகிய காலம் நடத்தப்பெற்றவை; அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. மரபு மருத்துவத்தில் ஒரு மூலிகைக்கு வேறு பயன்கள் இருத்தல் கூடும். அம்மரபின் மதிப்பைக் கருவியாக்கிப் புதிய பெயரில் மாத்திரை விற்பது வேறு செயல்.

இயக்குநீர் மருத்துவம்: பயனும் தீங்கும்

உறுதிசெய்யப்பட்ட குறைபாட்டிற்கு டெஸ்டோஸ்டிரோன் மருத்துவம் தக்க பயன் தரும். முதியோரிடம் அதன் பயன் அளவானது. 65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பாலியல் செயற்பாடு ஓரளவு மேம்பட்டது. சோர்வு நீங்குவதில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இதயநோயோ அதற்கான மிகுவாய்ப்போ உடைய ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை மருந்து பெற்றோரிடம் மிகவில்லை எனக் காட்டியது. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் குருதிக்கட்டும் மருந்து பெற்றோரிடம் மிகுந்து காணப்பட்டன. சிவப்பணு அளவிறந்து பெருகுவதும் உண்டு என்பதால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை.

இளைஞர் அறியவேண்டிய முதன்மைச் செய்தி வேறொன்று. விந்தணு உருவாக, விரைக்குள் குருதியினும் பன்மடங்கு செறிந்த டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். வெளியிலிருந்து ஊசியாகச் செலுத்தினால் குருதியில் அளவு உயரும். மூளையோ ‘போதும்’ எனக் கருதித் தூண்டுதலை நிறுத்திவிடும். அதனால் விரைக்குள் சுரப்பு நின்று விந்தணு உற்பத்தியும் ஓய்கிறது. இவ்வுண்மையைப் பயன்படுத்தி, ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே டெஸ்டோஸ்டிரோனை உலக நலவாழ்வு அமைப்பு ஆராய்ந்துள்ளது. 1990இல் வெளியான அவ்வாய்வில் 271 ஆண்கள் வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி பெற்றனர்; அவர்களுள் 157 பேரின் விந்தில் விந்தணு முற்றிலும் அற்றுப்போயிற்று. கருத்தடைக்காக ஆராயப்பட்ட அதே மருந்தை, குழந்தை வேண்டி ‘ஆண்மைக் குறைவு’ மருத்துவம் நாடும் இளைஞர் பெற்றுக்கொள்ளும் அவலம், சொற்குழப்பத்தின் கொடிய விளைவாகும்.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் விந்தணு உற்பத்தி மீள்கிறது. நெடுங்காலம் மிகுந்த அளவில் ஸ்டீராய்டு பயன்படுத்தியோர்க்கு மீட்சி தாமதமாகலாம். சிலர்க்கு முழுமை பெறாமலும் போகலாம். மகப்பேறு விரும்பும் ஒருவர்க்கு மூளைத் தூண்டுதல் குன்றியிருந்தால், விரையைத் தூண்டும் வேறு இயக்குநீர் ஊசிகள் உள்ளன. எனவே எவ்வகை ஊசியையும் ஏற்கும்முன் ‘எனக்குக் குழந்தை வேண்டும்’ என்று மருத்துவரிடம் தெளிவாகக் கூறுதல் இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஆண்களிடையே டெஸ்டோஸ்டிரோன் அளவு தலைமுறைதோறும் குறைவதற்குச் சான்றுகள் உள்ளன. அவை அளவீட்டு முறையின் மாற்றத்தையும் மனத்திற்கொண்டு படிக்கத்தக்கவை. குறைவின் மீளத்தக்க காரணங்களுள் பருமன், நீரிழிவு, உறக்கக் குறைவு, மது, தேவையற்ற மருந்துகள் ஆகியவை முன்னிற்கின்றன. அறிகுறியின்றி எண் மட்டும் குறைந்திருத்தல் நோயாகாது. வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை ஒடுக்கும்.

தமிழில் நலவியல் எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. ‘ஆண்மைக் குறைவு’ என்னும் தெளிவற்ற தொடரை விடுத்து, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, விறைப்பின்மை, விந்தணுக் குறைவு என மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு வழங்குதல் வேண்டும். பெயர் தெளிந்தால் நோய் தெளியும். நோய் தெளிந்தால் உரிய மருத்துவம் தெளியும். நாணத்தால் வாய்திறவாத இளைஞர் விளம்பரத்தை நம்பித் தம் மகப்பேற்றை இழக்காமல் காக்க, இச்சொல் தெளிவே முதற்படியாகும்.